கிவலினா: பனி காத்த கரை

அலாஸ்காவின் வடமேற்கே, சுக்சி சமுத்திரத்துக்கும் ஓர் உப்பங்கழிக்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டாகக் கிடக்கும் கிவலினா, ஆதியில் இனுபியட் ஜனங்கள் நிரந்தரமாகக் குடியிருந்த ஸ்தலமன்று. வேட்டைக்குரிய பருவத்தில் வந்து தங்கி, பருவம் மாறியதும் வேறிடம் பெயர்ந்துவிடுவதே அவர்களுடைய பூர்வீக வழக்கம். 1905-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தை ஸ்தாபித்து, பிள்ளைகளை அனுப்பாத பெற்றோருக்குத் தண்டனை நேரும் என்று பயமுறுத்தியதாக ஊர்ப் பெரியோர் சொல்லி வந்திருக்கிறார்கள். அக்ஷராப்பியாசம் ஊரையே மணலில் நிறுத்திவிட்டது விசித்திரந்தான்!

ஆயினும் நெடுங்காலம் அவ்வூரைக் காத்தது பனிக்கட்டியே. இலையுதிர்காலப் புயல்களின் தாழ்ந்த வாயுவழுத்தம் நீர்மட்டத்தை உயர்த்த, காற்று அந்நீரை ஆழமற்ற கடலின் மீது கரைநோக்கித் தள்ள, அதற்கு முன்பே கரையோரத்தில் இறுகிவிட்ட பனி, அலையின் வேகத்தை அடக்கிவிடும். சமீப தசாப்தங்களில் கடல் காலந்தாழ்த்தி உறைவதால், அந்த அரண் எழுவதற்குள் புயல் வந்து சேர்கிறது. 2006-ல் எழுப்பிய தடுப்புச் சுவர் அவ்வாண்டிலேயே சேதமுற்றது. மறு ஆண்டு செப்டம்பரில் ஜனங்களிற் பெரும்பாலோர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது.

உலகம் வெப்பமடைந்து தங்கள் கரை அழிவதற்குக் காரணமானவை என்று, 2008-ல் கிராமத்தார் பெரும் எண்ணெய், மின்சார நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தனர். நியாயஸ்தலம் அதை ஏற்கவில்லை. பின்னர், புயற்காலத்தில் தப்பிச் செல்ல, உப்பங்கழியின் குறுக்கே ஒரு பாதை அமைந்தது. புதிய பள்ளிக்கூடமோ, இம்முறை, கடலைவிட்டு உள்ளே தள்ளிய மேட்டில் எழுந்தது.