வடலூர் சத்திய தருமச்சாலை

கடலூர் மாவட்டம் வடலூரில், வள்ளலார் என்று வழங்கப்படும் இராமலிங்க அடிகளார் (1823–1874) நிறுவிய அன்னசாலை. பிரபவ ஆண்டு வைகாசி 11ஆம் நாள், அதாவது 1867 மே 23 அன்று தொடங்கப்பட்டது. பசித்து வந்தவரிடம் சாதி, சமயம், ஊர், ஒழுக்கம் எதையும் கேளாமல் சோறு போடுவதே இதன் பணி. வள்ளலார் அமைத்த சன்மார்க்க சங்கம், தருமச்சாலை, சத்திய ஞான சபை ஆகிய மூன்றில், அவர் எண்ணியபடியே பெரிதும் மாறாமல் நடந்துவருவது இதுதான்.

சோறிடுவதை அறமாகக் கருதும் வழக்கம் தமிழகத்தில் பழையது. மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபி முதல் தஞ்சை மராட்டியர் வழிநெடுகக் கட்டிய சத்திரங்கள் வரை அதற்குத் தொடர்ச்சியான வரலாறு உண்டு. சைவ மடங்களில் மகேசுர பூசை என்ற பெயரில் அடியார்க்கு அமுது படைத்தார்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வரும்போது, அன்னதானம் என்றாலே யாருக்கு எந்தப் பந்தி, யாருக்கு முதல் பந்தி என்ற கணக்கும் கூடவே வந்தது. கோயில் திருவிழா, திதி, திருமணம் என்று நாள் பார்த்தும் அது நடந்தது. வள்ளலார் நாள் கணக்கையும் ஆள் கணக்கையும் ஒருசேர நீக்கினார்.

அவர் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5 அன்று பிறந்தவர். தந்தை இராமையா பிள்ளை ஊர்க் கணக்கர்; தாய் சின்னம்மை. ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை இறந்தபின் குடும்பம் சென்னைக்கு வந்து ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவில் குடியிருந்தது. கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும் பாடித் திரிந்த இளமை அது. 1850களின் இறுதியில் சென்னையை விட்டு வடலூர்ப் பக்கம் வந்து, கருங்குழியில் மணியக்காரர் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். அவரைப் பற்றிச் சொல்லப்படும் அற்புதக் கதைகளில் பல இந்த வீட்டைச் சேர்ந்தவை. தண்ணீரில் விளக்கெரிந்த கதை அவற்றுள் பெயர்போனது. கலைக்களஞ்சியத்துக்கு அதைவிட முக்கியம், சுற்றுவட்டாரத்துப் புன்செய்க் குடியானவர்களின் நிலையை அவர் அங்கிருந்து அன்றாடம் கண்டது.

1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். 1872இல் அதன் பெயரைச் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்று மாற்றினார். 1866இல் ஒரிசாவை அழித்த பஞ்சத்தின் வெக்கை சென்னை மாகாணத்தின் பல பகுதிகளிலும் வீசியது. மறு ஆண்டே தருமச்சாலை திறக்கப்பட்டது. அப்போது பார்வதிபுரம் என்று வழங்கிய வடலூரின் குடிமக்கள் சுமார் 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். அரசரோ ஜமீன்தாரோ ஆதீனமோ தந்த கொடையன்று, சம்சாரிகள் கூடிக் கொடுத்த நிலம். இந்தச் சாலையின் பிற்கால வரலாற்றில் நல்லதும் வழக்கும் இரண்டுமே அந்த நிலத்திலிருந்துதான் கிளைத்தன.

சாலைக்கு அடிப்படையான கருத்து, ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற அவரது உரைநடை நூலில் விரிவாக உள்ளது. பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என்று உயிர்களுக்கு வரும் துன்பங்களை ஏழாகப் பகுக்கிறார். இவற்றுள் பசியையும் கொலையையும் தவிர்ப்பதே மேலான ஜீவகாருண்யம். ஏனையவற்றைத் தவிர்ப்பது அதற்கு அடுத்தபடி. நூலில் பசியின் கொடுமையை விவரிக்கும் பகுதி, உடல்நூல் படித்த மருத்துவர் எழுதியதுபோல் அறிவு மயங்குவது முதல் கண் குழிவது வரை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறது. கல்யாணத்துக்குப் பந்தல் அலங்கரித்து ஆடம்பரம் செய்கிறவர்கள் பசித்தவரை மறக்கிறார்களே என்ற கண்டனமும் அதில் உண்டு. இல்லறத்தாரைத் துறவுக்கு அவர் இழுக்கவில்லை. தன் குடும்பத்தை நடத்திக்கொண்டே, தன்னால் இயன்ற அளவு அயலார் பசியை நீக்குவதுதான் கடவுள் வழிபாடு என்கிறார். வழிபாட்டைக் கருவறையிலிருந்து அடுக்களைக்குக் கொண்டுவந்த இந்த நகர்வே தமிழ்ச் சமய வரலாற்றில் அவருடைய தனிப்பங்கு.

புலால் உண்ணாமையில் அவர் சற்றும் விட்டுக்கொடுக்காதவர். சன்மார்க்கத்துக்குள் வர அதுவே முதல் தகுதி. உயிர்க்கொலையும் புலாலும் நீத்தவரை அகவினத்தார் என்றும் மற்றவரைப் புறவினத்தார் என்றும் பிரித்தார். ஆனால் பசி என்று வந்தால் அந்தப் பிரிவு செல்லாது; புறவினத்தாருக்கும் பசியைத் தணித்தே ஆக வேண்டும். சபைக்குள் நுழையக் கட்டுப்பாடு உண்டு, சாலைக்குள் நுழையக் கட்டுப்பாடு இல்லை. கொள்கையில் கண்டிப்பும் சோற்றில் தாராளமும் ஒரே மனிதரிடம் இருந்ததைச் சிலர் முரண் என்பார்கள். சாலை பிழைத்ததற்கே காரணம் அதுதான்.

சாலையின் மையம் அணையா அடுப்பு. 21 அடி நீளமுள்ள இந்த அடுப்பில் வள்ளலார் மூட்டிய தீ அன்றுமுதல் அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. இரவில் சமையல் முடிந்தபின்னும் விறகு வைத்துத் தணலைக் காப்பார்கள். அடுப்பின் வாய்களில் பானைகள் ஏறும். ஒரு புறம் சாதம், ஒரு புறம் குழம்பு. மூன்று வேளையும் பந்தி நடக்கிறது. அன்பர்கள் ரொக்கமாகக் கொடுப்பதைவிட அரிசி மூட்டை, பருப்பு, காய்கறி என்று பொருளாக இறக்கிவிட்டுப் போவது இன்றும் வழக்கம். தொடக்ககாலச் சீடர்களில் கல்பட்டு ஐயா சாலைத் தொண்டிலேயே வாழ்ந்து மறைந்தார். அவரது சமாதி சாலையை ஒட்டியே உள்ளது.

உண்ணாநோன்பை அவர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு ஒரு கடிதச் சான்று இருக்கிறது. வள்ளலாரின் பாடல்களை அச்சிடத் தரவேண்டும் என்று அவருடைய அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார், அவை வந்து சேரும்வரை ஒருவேளை மட்டுமே உண்பதென விரதம் பூண்டார். செய்தி எட்டியதும் வள்ளலார் பதறி, அதை நிறுத்தும்படி எழுதிப் பாடல்களை அனுப்ப இசைந்தார். அப்பாடல்களின் தொகுப்பான திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் தொழுவூர் வேலாயுத முதலியார் வகுத்தமைக்க, சாலை தொடங்கிய அதே 1867இல் வெளிவந்தன. தம்மை இராமலிங்கசாமி என்று போடுவது ஆரவாரம் என அவர் தடுத்தும் கேட்டவர்கள் குறைவு. அந்நூலை அருட்பா என்று சொல்லலாகாது என யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எதிர்த்தார். தகராறு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. அருட்பா, மருட்பா என்று இருதரப்பும் மாறிமாறித் துண்டு நூல்கள் வெளியிட்டன. 

சத்திய ஞான சபை 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. எண்கோண வடிவக் கட்டடம், ஏழு திரைகளுக்கு அப்பால் ஜோதி, உருவம் இல்லை. விளக்கேற்ற உள்ளே செல்பவர் 12 வயதுக்கு உட்பட்டவராக அல்லது 72 வயதுக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும் என்று விதி எழுதினார். விதி எழுதியதோடு சரி. பின்னாளில் ஆகம முறைப் பூசையும் உருவ வழிபாடும் உள்ளே புகுந்தன. அறநிலையத்துறை அவற்றை நீக்க உத்தரவிட்டு, வழக்கு நடந்து, 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் வகுத்த முறைப்படியே நடக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

1873 அக்டோபரில் மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றிப் பேருபதேசம் செய்தார். தம் சொல்லை ஏற்போர் அருகியதில் அவருக்கு வருத்தம் இருந்தது. 1874 ஜனவரி 30 அன்று அங்கே அறைக்குள் சென்று தாளிட்டுக்கொண்டார். அதன்பின் யாரும் அவரைக் காணவில்லை. தாது வருஷப் பஞ்சம் தொடங்க இரண்டே ஆண்டுகள் இருந்தன.

இருபதாம் நூற்றாண்டில் வள்ளலாரைப் பலரும் பலவாறு சொந்தம் கொண்டாடினார்கள். கிருபானந்த வாரியார் சபைக்குத் திருப்பணி செய்தார். சுயமரியாதை இயக்கத்தார் அவரது சாதி மறுப்புப் பாடல்களைத் திரட்டி வெளியிட்டார்கள். சென்னை மாகாண முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பதவி விலகியபின் வடலூருக்கே வந்து, சுத்த சன்மார்க்க நிலையம் அமைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார். சன்மார்க்க சங்கங்கள் மலேசியா வரை பரவின; அவற்றில் பெரும்பாலானவை தத்துவ வகுப்பைவிட அன்னதானத்தாலேயே ஊரில் அறியப்படுகின்றன. தமிழக அரசு அக்டோபர் 5ஐத் தனிப்பெருங்கருணை நாளாக அறிவித்துள்ளது. 2024இல் சபைக்கு முன்னுள்ள பெருவெளியில் சர்வதேச மையம் கட்ட முற்பட்டபோது, தைப்பூசக் கூட்டம் நிற்கும், குடிமக்கள் கொடுத்த இடத்தில் கட்டடம் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பி, வழக்கானது. வெட்டவெளியை வெளியாகவே விடுவதுதான் கொடுத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை.

வடலூருக்கு விருத்தாசலம்–கடலூர் இருப்புப் பாதையில் ரயில் நிலையம் உண்டு, நெய்வேலியிலிருந்தும் பக்கம். தைப்பூசத்தன்று ஜோதி காண்பதற்கு நெரிசலில் நிற்க வேண்டியிருக்கும். சாலையைப் பார்க்க விரும்புகிறவர்கள் சாதாரண நாளில், முடிந்தால் ஒரு சிப்பம் அரிசியோடு, மதியப் பந்தி நேரத்துக்குப் போவது நல்லது.