சைக்கிள் ஓடும்போது கை விறைக்கிறதா? முதலில் சீற்றைப் பாருங்கள்

2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்று களைத்த பலர் மீண்டும் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். தினமும் சைக்கிளில் போய்வருவோர் சொல்லும் முறைப்பாடுகளில் ஒன்று, சிறிது தூரம் ஓடியதுமே கை விறைக்கிறது என்பது. உடனே மெத்தென்ற கைபிடி உறை வாங்கி மாட்டுகிறார்கள். அதனால் தீராவிட்டால், உடலின் பாரம் அளவுக்கு அதிகமாகக் கையில் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

எந்த விரல் விறைக்கிறது?

உள்ளங்கையின் அடியில், சின்னவிரல் பக்கமாக அல்நார் நரம்பு செல்கிறது. ஹாண்டில் அதை அழுத்தினால் சின்னவிரலும் மோதிரவிரலும் விறைக்கும். மணிக்கட்டு நெடுநேரம் மடங்கியிருந்தால் அதன் நடுவே செல்லும் மீடியன் நரம்பு நெருக்கப்படும். அப்போது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைக்கும்.

சீற்

சைக்கிளைச் சமதரையில் நிறுத்தி, சீற்றின் மேல் நேரான பலகையொன்றை வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். சீற்றின் மூக்கு கீழே சரிந்திருந்தால் உடல் முன்னே வழுக்கும். அதைத் தடுக்கக் கைகள் இடைவிடாது முட்டுக்கொடுக்கும். எனவே சீற்றை மட்டமாக்குங்கள்.

அடுத்தது உயரம். பெடல் மிகக் கீழே இருக்கும்போது அதில் குதிக்காலை வைத்தால் கால் நேராக வேண்டும், இடுப்பு சரியக்கூடாது. பிறகும் பாரம் கையில் விழுந்தால், சீற்றைச் சிறிது பின்னே தள்ளிப் பாருங்கள்.

ஹாண்டில்

அன்றாடப் பயணத்துக்கு ஹாண்டில் சீற்றின் உயரத்திலோ சற்று மேலாகவோ இருப்பது நல்லது. பழைய வகைச் சைக்கிளில் ஹாண்டில் தண்டின் மேலுள்ள போல்ற்றைச் சில சுற்றுத் தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டையால் மெதுவாகத் தட்டினால் தண்டு இளகும். தண்டில் பொறித்துள்ள எல்லைக்கோடு வெளியே தெரியும்வரை உயர்த்தக்கூடாது. தண்டு கழன்றோ முறிந்தோ விழ நேரிடும். கம்பி பிறேக் உள்ள சைக்கிளில் பிறேக்கையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டியிருப்பதால், திருத்துபவரிடம் கொடுப்பதே பாதுகாப்பு.

நேரான ஹாண்டிலில் பிறேக் பிடியைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்புங்கள். விரல்களை அதில் வைக்கும்போது முன்கையும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

ஒவ்வொன்றாக மாற்றுங்கள்

பழைய நிலையை ரேப் ஒட்டி அடையாளப்படுத்திவிட்டு, ஒரு தடவையில் அரை சென்ரிமீற்றர் அளவே மாற்றி இரண்டு மூன்று நாள் ஓடிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

முழங்கையைச் சற்று மடித்து, பிடியைத் தளர்த்தி, கையின் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். ரயரில் காற்று அளவுக்கு மீறியிருந்தால் வீதியின் அதிர்வு கைக்கே வரும். முதுகுப் பையின் பாரமும் கைக்கு இறங்கக்கூடும். அதைக் கரியரில் கட்டலாம். "வளர்ந்த பிறகும் ஓடலாம்" என்று பிள்ளைக்குப் பெரிய சைக்கிள் வாங்கிக் கொடுத்தால், ஹாண்டிலை எட்டிப் பிடித்தே அது ஓட வேண்டியிருக்கும்.

எப்போது வைத்தியரிடம்?

இறங்கிச் சிறிது நேரத்தில் மாறும் விறைப்பு பெரும்பாலும் இந்தத் திருத்தங்களால் குறையும். நாட்கணக்கில் நீடித்தால், இரவில் விழிக்கச் செய்தால், தெறி பூட்டவோ திறப்பைத் திருப்பவோ விரல்கள் பலமிழந்தால் வைத்தியரைக் காணுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் தாமதிக்கக்கூடாது. நரம்பு நெடுநாள் அழுத்தப்பட்டால் கையின் பலம் முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.