வண்டு இரைந்த கிட்டார்

மகள் வயிற்றுப் பேரன் போன மாதம் சென்னையிலிருந்து வந்திருந்தான். வேலைக்குப் போன இரண்டு வருஷத்தில் சேர்த்த பணத்தில் உசந்த ரக எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வாங்கப் போகிறானாம். கிப்சன் லெஸ் பாலா, ஃபெண்டர் டெலிகாஸ்டரா என்று ஒரு வாரமாகத் தூக்கமில்லை. "எது தாத்தா ஒசத்தி?" என்று கேட்டான்.

என்னிடம் கேட்கக் காரணம் உண்டு. 1970களில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் கிட்டார் வாசித்தேன். பகலில் கருவூலத்தில் எழுத்தர் வேலை, முகூர்த்த நாள் என்றால் ராத்திரி கச்சேரி. 1978இல் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் தலைக்கு மேல் வரிசையாக ட்யூப்லைட். ஆம்ப்ளிஃபயரைப் போட்டதுமே ஒரே இரைச்சல். நான் கம்பியைத் தொடாதபோதும் அது நிற்கவில்லை. மூன்றாவது பாட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பா மேடைக்கே வந்து, "தம்பி, அந்தக் கிட்டாரை நிறுத்திருங்க. வண்டு மாதிரி இரையுது" என்றார். மீதிக் கச்சேரி முழுக்க கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத்தான் கருவியைக் கையாளத் தெரியவில்லை என்று நினைத்து அந்த வருஷமே வாசிப்பதை விட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கருவியின் கதையைப் படித்தபோதுதான், அந்த வண்டு உலகம் முழுக்க இரைந்தது தெரியவந்தது.

லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ பழுது பார்த்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அந்தக் காலத்துக் கிட்டார்கள் உள்ளே கூடாக இருக்கும். ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டினால் கூடு அதிர்ந்து ஊளையிடும். ஃபெண்டர் கூட்டையே எடுத்துவிட்டு, கனத்த பலகையில் கிட்டார் செய்து 1950இல் விற்பனைக்கு விட்டார். கழுத்தை நாலு திருகாணியில் முடுக்கினார். கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டலாம். முதலில் வைத்த பிராட்காஸ்டர் என்ற பெயர் வேறொரு கம்பெனியின் டிரம் பெயரோடு மோதியதால், 1951இல் டெலிகாஸ்டர் ஆனது.

மிச்சிகன் மாநிலத்துக் கலமஸூ ஊரில் இருந்த கிப்சன் பழைய கம்பெனி, 1902இல் தொடங்கியது. அவர்கள் 1952இல் லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞரின் பெயரிலேயே தங்கள் பலகைக் கிட்டாரைக் கொண்டுவந்தார்கள். மஹோகனி உடம்பு, மேலே மேப்பிள் மரம், பசை போட்டு ஒட்டிய கழுத்து. நாதம் தடிமனாக, நீண்டு நிற்கும். ஆனால் எடை பெரும்பாலும் நாலு கிலோவைத் தாண்டும்.

இரண்டிலும் வண்டு இருந்தது. கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப் என்பது காந்தமும், ஆயிரக்கணக்கான சுற்றுச் செம்புக் கம்பியும்தான். கம்பியின் அதிர்வைப் பிடிப்பது போலவே பக்கத்து மின்சார இரைச்சலையும் பிடித்துவிடும். கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் இதற்கு வழி கண்டுபிடித்தார். ஒன்றுக்கு இரண்டு சுருள், இரண்டுக்கும் காந்தமும் சுற்றும் எதிரெதிர். வெளி இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும், கம்பியின் நாதம் மட்டும் கூடும். இதற்கு ஹம்பக்கர் என்று பெயர். 1957இல் லெஸ் பாலில் ஏறியது. 1978இல் என் மடியில் இருந்ததோ ஒற்றைச் சுருள்!

அப்படியானால் லெஸ் பால்தானே ஒசத்தி? அதுதான் இல்லை. லெட் ஸெப்பலின் குழுவின் ஜிம்மி பேஜைப் பாருங்கள். 1969இல் ஜோ வால்ஷ் என்ற கலைஞரிடம் 1959ஆம் வருஷத்து லெஸ் பால் ஒன்றை வாங்கினார். மேடையில் பெரும்பாலும் அதைத்தான் வாசித்தார். ஆனால் 1971இல் வெளிவந்த 'ஸ்டெயர்வே டு ஹெவன்' பாட்டின் புகழ்பெற்ற தனி வாசிப்பை, லெஸ் பால் கைவசம் இருந்தும், பழைய டெலிகாஸ்டரில் பதிவு செய்தார். அது நண்பர் ஜெஃப் பெக் கொடுத்தது. அதே பாட்டை மேடையில் வாசிக்க, 12 கம்பிக் கழுத்தும் 6 கம்பிக் கழுத்தும் ஒன்றாய்ச் சேர்ந்த கிப்சன் கிட்டாரைத் தூக்கினார். ஸ்டூடியோவில் ஒவ்வொரு கிட்டாராக மாற்றித் தனித்தனியே பதிவு செய்யலாம். மேடையில் பாட்டு நடுவே கிட்டார் மாற்ற நேரம் ஏது?

ஸ்டூடியோவில் இரைச்சல் வந்தால் கொஞ்சம் திரும்பி உட்காரலாம், விளக்கை அணைக்கலாம், பத்து முறை திருப்பி வாசிக்கலாம். டெலிகாஸ்டரின் கூரான நாதம் மற்ற வாத்தியங்களுக்கு நடுவே தனியாகக் கேட்கும். மேடையில் விளக்கு நம் சொல் கேட்காது. அங்கே இரைச்சல் இல்லாத கிட்டாருக்கு மதிப்பு. ஆனால் மூன்று மணி நேரம் அந்த எடையைத் தோள் தாங்க வேண்டும்.

"நீ எங்கே அதிகம் வாசிப்பே?" என்று பேரனைக் கேட்டேன். வீட்டு அறையில் பதிவு செய்வதுதான் அதிகம், மேடை வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை என்றான். "அப்போ டெலிகாஸ்டர் வாங்கு. ஆனா கடையில உட்கார்ந்து வாசிச்சுப் பார்த்துட்டு வந்துராதே. தோளில் மாட்டி அரை மணி நேரம் நில்லு. ஆம்ப்ளிஃபயரைக் கூட்டி வச்சுட்டு, வாசிக்காம சும்மா இருந்தும் கேளு" என்றேன்.

"வாசிக்காம என்னத்தைக் கேக்க?" என்றான்.

வண்டைத்தான் கேட்கச் சொன்னேன். அன்று எனக்கு இதை யாராவது சொல்லியிருந்தால், கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து பார்த்திருப்பேன். அந்தப் பெரியப்பாவிடமும், "ஐயா, இரையறது நானில்லை, உங்க ட்யூப்லைட்" என்று சொல்லியிருப்பேன்.