சுனை, கண்மாய், கால்வாய்: அரிட்டாபட்டியின் நிலமும் குடியும்

அரிட்டாபட்டி, மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில், மதுரை நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் உள்ள கிராமம். மேற்கே அழகர்மலைத் தொடர் நிற்கிறது. கிழக்கே மேலூர்ச் சமவெளி வயலும் கண்மாயுமாக விரிகிறது. மலைக்கும் சமவெளிக்கும் நடுவே, மண்ணைப் பிளந்து எழுந்தவை போல ஏழு பாறைக்குன்றுகள். கழிஞ்சமலை, நாட்டார்மலை, வயத்துப்பிள்ளான்மலை, ராமாயிமலை, கழுகுமலை, தேன்கூடுமலை என்று இவற்றுள் ஆறுக்கு ஊரார் வழங்கும் பெயர்கள் ஆட்பெயர்களாகவும், அங்கே வாழும் உயிர்களின் பெயர்களாகவும் இருக்கின்றன. 'பட்டி' என்பது முதலில் ஆடுமாடு அடைக்கும் தொழுவைக் குறித்த சொல். பின்னர் தொழுவைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புக்கே பெயரானது. மதுரைக்கு வடக்கிலும் மேற்கிலும் 'பட்டி' என முடியும் ஊர்கள் அடுத்தடுத்து வருவதிலிருந்து, வானம் பார்த்த மேட்டு நிலத்தில் மேய்ச்சலுக்கு இருந்த இடம் விளங்கும்.

சென்னை மாகாணத்தில் தலைக்குத் தலை எண்ணும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871இல்தான் தொடங்கியது. இவ்வூரின் வரலாறோ அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகள் முந்தியது. ஆகவே இங்கே எத்தனை பேர் வாழ்ந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பதை நீரிலிருந்துதான் தேடியாக வேண்டும். சுனைநீர், கண்மாய்நீர், கால்வாய்நீர் என்று மூன்று நீர்கள் மூன்று காலங்களில் இவ்வட்டாரத்துக்கு வாய்த்தன. ஒவ்வொரு நீரும் தான் தாங்கக்கூடிய அளவுக்கே குடிகளை வைத்துக்கொண்டது.

மதுரைச் சமவெளியில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 850 மி.மீ. அதில் பாதிக்கு நெருக்கமானது ஐப்பசியை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் வெயிலும் காற்றும்தான். கீழே பரவியிருப்பது சார்னோகைட், கருங்கல் வகையைச் சேர்ந்த மிகப் பழைய கெட்டிப் பாறை. அதன் மேல் செம்மண் ஒரு போர்வை அளவுக்கே கிடக்கிறது. மழைநீரை ஆழத்தில் சேர்த்துவைக்க இந்த நிலத்தால் இயலாது. ஆனால் வெற்றுப் பாறை பெய்த மழையை உறிஞ்சுவதில்லை. வழித்து அடிவாரத்துக்கு அனுப்பிவிடும். வெடிப்புகளில் இறங்கிய நீர் பாறை இடுக்குகளில் சுனையாக ஊறும், பள்ளங்களில் தெப்பமாகத் தேங்கும். ஊரைச் சூழ்ந்து 200 இயற்கைச் சுனைகளும் 72 நீர்நிலைகளும் 3 தடுப்பணைகளும் இருப்பதாக 2022ஆம் ஆண்டின் அரசு அறிவிப்பு கணக்குத் தருகிறது. குன்றுகள் இல்லையென்றால் இக்கணக்கில் பெரும்பகுதி இராது.

சுனைநீரை நம்பி வாழ்ந்தவர்கள் சமணத் துறவிகள். கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் நீர் உள்ளே வழியாதபடி பாறை முகப்பில் வெட்டிய விளிம்பும், அதனருகே தமிழ்பிராமி எழுத்துகளும் உள்ளன. 1971இல் ஒரு கல்வெட்டும் 2003இல் இன்னொன்றும் இங்கே கண்டறியப்பட்டன. கொடையாளிகளோடு சேர்த்து அவை சொல்லும் ஊர்ப்பெயர்கள் நெல்வேலி, இலஞ்சி. குகையை அமைத்துக் கொடுத்தவர்கள் உள்ளூராரே என்று எண்ணத் தோன்றும் இடத்தில் வெளியூர்ப் பெயர்கள் இருப்பது கவனிக்கத்தக்கது. இக்குன்று அன்றைக்கே வழிகள் வந்து சேரும் இடமாக இருந்திருக்கிறது.

அருகிலுள்ள மீனாட்சிபுரத்து மலைக் கல்வெட்டுகள் மாங்குளம் கல்வெட்டுகள் என்ற பெயரில் புகழ்பெற்றவை. ராபர்ட் சீவெல் 1882இல் இவற்றைக் கண்டார். இவற்றின் மொழி தமிழே என்று 1924இல் காட்டியவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர், நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரைத் தெளிவாக்கியவர் ஐராவதம் மகாதேவன். கி.மு. 3–2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இவ்வரிகளில் அரசனும் அவன் அதிகாரி கடலன் வழுதியும், கணிநந்தன் என்ற துறவியும், வெள்ளறை நிகமத்தாரும் வருகிறார்கள். நிகமம் என்றால் வணிகர் குழு. அந்த வெள்ளறையை, இன்று மதுரை–மேலூர் சாலையில் உள்ள வெள்ளரிப்பட்டியாக அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். ஒரு சிற்றூர்ப் பெயர் சிறிதே திரிந்து இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்பது, அரண்மனை இடிபாடுகளைவிடப் பெரிய சான்று. குகையில் படுத்தவர்கள் சிலரே. ஆனால் அவர்களுக்கு அன்றாடம் உணவளிக்க அடிவாரத்தில் உழவரும், பொருள் தர வணிகரும் இருந்தாக வேண்டும். துறவிகளின் கற்படுக்கை இருக்கும் இடத்துக்கு அருகே ஊர் இருந்தது என்றே கொள்ளலாம்.

அடுத்த சில நூற்றாண்டுகளில் குன்றின் பாறை இன்னொரு வகையில் ஊரோடு சேர்ந்தது. கி.பி. 7–8ஆம் நூற்றாண்டில் முற்காலப் பாண்டியர் இங்கே சிவனுக்குக் குடைவரை எடுத்தனர். அதில் பிள்ளையாரோடு இலகுலீசரின் சிற்பமும் உள்ளது. பாசுபத நெறியின் ஆசானாகிய இலகுலீசரின் உருவம் தமிழ்நாட்டில் அரிது. 9–10ஆம் நூற்றாண்டு வாக்கில் அச்சணந்தி என்ற சமண முனிவர் இங்குள்ள பாறையில் தீர்த்தங்கரர் உருவம் ஒன்றைச் செய்வித்தார். அதன் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு மலையைத் திருப்பிணையன்மலை என்கிறது. உருவத்தைக் காக்கும் பொறுப்பைப் பாதிரிக்குடியாரிடம் விடுகிறது. கொடுத்தவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டுகளுக்கு நடுவே, காப்பவர் பெயரைச் சொல்வது இதன் சிறப்பு. ஊரார் ஓர் அமைப்பாக நின்று மலையைத் தம் பொறுப்பில் ஏற்ற செய்தியாகவே இதைப் படிக்க வேண்டும்.

குகையில் சிலருக்குப் போதிய சுனைநீர் வயலுக்குப் போதாது. ஊர் பெருகக் காரணமானது கண்மாய். மதுரைப் பக்கம் ஏரிக்குக் கண்மாய் என்றே பெயர், பேச்சில் கம்மாய். நிலம் தாழ்ந்து சரியும் பக்கத்தில் பிறை வடிவில் மண்கரை எழுப்பி, பாறையிலிருந்து வழியும் வெள்ளத்தை மறித்துத் தேக்குவார்கள். வரத்துக்கால் நீரைக் கொண்டுவரும். மடை வழியே நீர் வயலுக்கு இறங்கும். நிறைந்து மிஞ்சியது கலுங்கு வழியே அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். ஆகவே ஓர் ஊரின் கலுங்கு உயரம் கீழூரின் விளைச்சலைத் தீர்மானித்தது. கலுங்கின் மேல் ஒரு சாண் மண் போட்டால் கீழூரோடு பகை. அரிட்டாபட்டியின் ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்தது என்று அரசு அறிவிப்பு குறிக்கிறது.

குடியிருப்பின் அமைப்பும் இதற்கேற்பவே. வெள்ளம் ஏறாத மேட்டில் வீடுகள், நடுவே கூட்டம் போடவும் மாடு நிறுத்தவும் மந்தை, குடிநீருக்குத் தனியே ஊருணி, கரையோரம் அய்யனாரும் கருப்பும், கரைக்குக் கீழே நஞ்சை, அதற்கப்பால் புஞ்சை, பிறகு மேய்ச்சலுக்குக் குன்று. மேலூர் வட்டாரத்துக் கிராமங்கள் பலவற்றில் இந்த வரிசையை இன்றும் காணலாம். கண்மாய் நீர் எல்லார்க்கும் பொது என்பதால் அதன் கடைசித் துளிக்கும் ஒரு முறை உண்டு. அறுவடை முடிந்து கோடையில் நீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் துண்டை வீசிக் குறிப்புக் காட்டியதும் சுற்றுவட்டாரத்து மக்கள் ஊத்தாவும் வலையுமாக ஒரே நேரத்தில் சேற்றில் இறங்குவார்கள். பிடித்த மீனை விற்காமல் வீட்டில் சமைத்துச் சாமிக்குப் படைத்து உண்பது வழக்கம். நிலம் இல்லாதவருக்கும் கண்மாயில் பங்கு உண்டு என்பதை இவ்விழா ஆண்டுக்கொரு முறை நிலைநாட்டுகிறது.

ஆளுகையும் நீரைப் போல ஊர் தாண்டியது. மேலூர்ப் பகுதியில் பல ஊர்கள் சேர்ந்தது 'நாடு'. அதன் தலைமக்கள் அம்பலகாரர். வழக்கும் விழாவும் நீர்ப்பங்கும் நாட்டுக் கூட்டத்தில் முடிவாயின. மதுரை நாயக்கர்களும் பின்வந்த நவாபும் இப்பகுதியில் வரி தண்டுவதற்குப் பட்ட பாடு சிறிதன்று. 1755இல் ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் ஹெரானின் படை திருமோகூர்க் கோயில் படிமங்களை எடுத்துச் சென்றபோது, நத்தம் கணவாயில் அதை மறித்துப் படிமங்களை மீட்டவர்கள் இவ்வட்டாரத்துக் கள்ளர் குலத்தார்.

மழை பொய்த்தால் கண்மாய் பொய்க்கும். 1876–78இன் தாது வருடப் பஞ்சம் மதுரை மாவட்டத்தை உலுக்கியது. மாண்டவர் போக, எஞ்சியவர்களில் பலர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாகவும் தோணியிலும் போனார்கள். நெடுநாள் பேச்சாக இருந்த பெரியாற்றுத் திட்டத்தை அந்தப் பஞ்சமே செயலுக்குத் தள்ளியது. மேற்கே கடலுக்குப் போன நீரை மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பும் அணையைப் பொறியாளர் பென்னிகுவிக் 1887இல் தொடங்கி 1895இல் முடித்தார். பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம்; கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கர் ஒருபோகம். கிழங்கும் கேழ்வரகும் வரகும் விளைந்த வட்டாரத்தில் நெல் பரவியது. பஞ்சத்துக்கு ஊரைக் காலி செய்யும் வழக்கம் குறைந்தது. ஆயினும் ஒருபோகம் என்பது ஆண்டில் பாதி நாள் வேலையில்லை என்பதே. அந்தப் பாதி நாள்தான் இளைஞர்களை மதுரைக்கும் அதற்கு அப்பாலும் அனுப்பியது. 1901இல் 1,05,984 பேர் வாழ்ந்த மதுரை நகரில் 2011இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர். மாவட்டத்தின் 30,38,252 பேரில் கிராமத்தில் வாழ்வோர் பத்தில் நான்கு பங்கினரே.

குன்றுகள் நீருக்காக மதிக்கப்பட்ட காலம் போய், கல்லுக்காக விலை பேசப்படும் காலம் வந்தது. மேலூர் வட்டாரத்துக் கருங்கல் மெருகேறி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. சுற்றிலும் பல குன்றுகள் குழிகளாயின; சில இடங்களில் வரத்துக்கால்களும் கண்மாய்களும் கழிவுக்கல்லால் மூடின. 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை இதை விசாரிக்க நியமித்தது. ஒரு குன்றை அறுத்தால் அதோடு போவது கல் மட்டுமன்று. அடிவாரத்துக்கு நீர் வழித்துக் கொடுத்த கூரையும் போகிறது. அரிட்டாபட்டி மக்கள் இதை அறிந்து தம் குன்றுகளைக் காத்தார்கள்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.215 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 250 பறவையினங்கள் இங்கே பதிவாகியுள்ளன. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிப் பருந்து ஆகியவை பாறை முகடுகளில் வாழ்கின்றன. தேவாங்கும் எறும்புதின்னியும் மலைப்பாம்பும் உண்டு.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க வட்டாரம் ஏலம் போன செய்தி வெளியாயிற்று. பரப்பு 2,015.51 ஹெக்டேர், அதற்குள் அரிட்டாபட்டியும் இருந்தது. மேலூர் வட்டாரத்து ஊர்கள் மந்தைகளில் கூடின. டிசம்பர் 9இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரை தல்லாகுளம் நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த வட்டாரத்தில் பாரம்பரியத் தலமாகப் பாதுகாப்புப் பெற்றிருந்தது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிலமே. மிச்சத்தில் கண்மாய்களும் அவற்றின் கீழுள்ள வயல்களும், அந்த வயல்களை நம்பிய ஊர்களும் இருக்கின்றன.