குடியகல்வு அனுமதி (இந்தியா)

குடியகல்வு அனுமதி என்பது, இந்தியர்களில் ஒரு பிரிவினர் சில வெளிநாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் அரசிடம் பெறவேண்டிய ஒப்புதல் ஆகும். 1922 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட குடியகல்வுச் சட்டம், 1983 இதற்கு அடிப்படையாகும். பத்தாம் வகுப்புத் தேறாதோர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல இது தேவை. வருமான வரி செலுத்துவோர், 50 வயதைக் கடந்தோர் முதலியோருக்கு விலக்கு உண்டு. பெரம்பலூர் மாவட்டத்தின் லப்பைக்குடிக்காடு போன்று பலர் வளைகுடா செல்லும் ஊர்களில் இவ்விதி குடும்ப வருவாயோடு தொடர்புடையது.

நோக்கம்

போலி வேலை ஒப்பந்தம், ஊதிய மறுப்பு ஆகியவற்றிலிருந்து தொழிலாளரைக் காப்பதே இதன் நோக்கம். ஆள்சேர்ப்பு முகவர்கள் அரசிடம் பதிவு செய்தல் கட்டாயம். அவர்கள் தொழிலாளரிடம் பெறும் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என உச்சவரம்பு உள்ளது.

பொருளாதாரச் செலவுகள்

ஓர் ஒழுங்குவிதியின் செலவு அரசுக் கட்டணத்தோடு முடிவதில்லை.

* நேரடிச் செலவு: விண்ணப்பம், காப்புறுதி, பயணம்.
* காத்திருப்புச் செலவு: அனுமதி தாமதமாகும் நாட்களில் இழக்கும் ஊதியம். 2014 இல் இணையவழி முறை அறிமுகமானது.
* இணக்கச் செலவு: பெரிய முகவர்கள் அளிக்கவேண்டிய 50 இலட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம் போன்றவை. இது போட்டியாளர்களைக் குறைக்கக்கூடும்.
* தவிர்ப்புச் செலவு: சுற்றுலா நுழைவிசைவில் சென்று பின்னர் வேலையில் சேர்வோர், சட்டம் தரும் பாதுகாப்பையே இழக்கின்றனர்.

இச்செலவுகள் குறைந்த கல்வியுடையோர் மீதே விழுகின்றன. எனினும் விதியை நீக்கினால், ஏமாற்றப்படுவதால் வரும் இழப்பையும் அவர்களே சுமக்க நேரிடும். ஆகவே இரு இழப்புகளையும் ஒப்பிட்டே இவ்விதியை மதிப்பிட இயலும்.