அரண்மனைக் கிணறுகளும் புதையல் கதைகளும்

பழைய அரண்மனை எதுவாயினும் அதற்குள் ஒரு கிணறும், அக்கிணற்றுக்கு ஒரு கதையும் இருக்கக் காண்கிறோம். பீக்கிங் என்று நம் முன்னோர் வழங்கிய பெய்ஜிங் நகரத்துப் பேரரசர் மாளிகை 1420இல் கட்டி முடிந்தது. அதனுள் எழுபதுக்கு மேற்பட்ட கிணறுகள் இருந்தன. பேரரசர் அருந்தும் நீர் மட்டும் நகருக்கு வெளியே, மேற்குத் திசைக் குன்றோரத்து ஊற்றிலிருந்து நாள்தோறும் வண்டியில் வந்தது. கிணற்று நீர் மற்ற வேலைகளுக்கே பயன்பட்டது.

அக்கிணறுகளுள் ஒன்றைக் காணவே இன்றும் மக்கள் கூடுகின்றனர். 1900இல் எட்டு நாட்டுப் படைகள் தலைநகரை நெருங்கிய வேளையில், பேரரசரின் அன்புக்குரிய இளைய அரசி ஜென் என்பாள், முதிய பேரரசியின் ஆணைப்படி அதில் தள்ளப்பட்டாள் என்பது வழிவழியாக வரும் வரலாறு. மறு ஆண்டு அதிலிருந்து வெளியே எடுக்கப்பட்டது அவளுடைய உடலே; பொன்னன்று. சீன அரண்மனையின் செல்வமோ வேறு வழியில் சென்றது. ஜப்பானியருக்கு அஞ்சி 1933இல் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகளில் அடைத்துத் தெற்கே இரயிலேற்றினர். அவற்றுள் 2,972 பெட்டிகள் 1948, 1949ஆம் ஆண்டுகளில் தைவான் தீவுக்குக் கப்பலேறின. எண்ணிட்டு, பட்டியல் எழுதி, வாயில் வழியாகவே யாவும் வெளியேறின என்பதை நினைவிற் கொள்க.

இனி நம் அண்டைக்கு வருவோம். பாலிகஞ்சில் குடியிருக்கும் நம்மவர் சியால்தாவில் இரயிலேறினால் சில மணி நேரத்தில் முர்ஷிதாபாத்தை அடையலாம். வங்கத்து நவாபுகளின் பழைய தலைநகர் அது. அங்கே முத்து ஏரி எனப் பொருள்படும் மோத்திஜீல் உள்ளது. நவாபு அலிவர்தி கானின் மருமகனான நவாசிஷ் முகம்மது அதன் கரையில் மாளிகை எடுத்தான். அவனுடைய மனைவி கசேட்டி பேகத்தின் செல்வம் அங்கே குவிந்திருந்தது. 1756இல் பட்டத்துக்கு வந்த சிராஜ் உத்தௌலா தன் பெரியம்மையான அவளிடமிருந்து அம்மாளிகையைப் பறித்துக்கொண்டான். அவ்விடத்தில் கதவோ சன்னலோ இல்லாத ஓர் அறை இருந்தது. நீளம் 65 அடி, அகலம் 23 அடி, உயரம் 12 அடி. உள்ளே பேகத்தின் பொருள் கிடக்கிறதென்றும், சுவரை இடிக்க முயன்றோர் குருதி கக்கி மாண்டனர் என்றும் ஊரார் கூறுவர். நம் ஊர்களில் புதையல் காக்கும் பூதத்துக்கு வங்கத்திலும் உறவினர் உண்டு போலும்!

சிராஜின் சொந்த மாளிகையைப் பற்றிய கதை இதனினும் பெரிது. பாகீரதியின் மேலைக்கரையிலிருந்த அம்மாளிகையின் அந்தப்புரத்தில் மறைவான கருவூலம் ஒன்று இருந்ததாம். அதில் 8 கோடி ரூபாய் பெறுமான பொருள் இருந்ததாம். மீர் ஜாபரும் சில உள்ளாட்களும் ஆங்கிலேயர் அறியாமல் அதைப் பங்கிட்டனராம். 1789இல் கல்கத்தாவில் அச்சேறிய ஒரு வரலாற்று நூலின் மொழிபெயர்ப்பாளர் தம் குறிப்பில் இதனை எழுதிவைத்தார். அதன்பின் வந்தோர் திரும்பத் திரும்பச் சொல்லி இதனை மெய்யாக்கிவிட்டனர். நான் இதனை நம்புவதற்கில்லை. அம்மாளிகையையோ ஆறே விழுங்கிவிட்டது.

ஆனால் கணக்கில் ஏறிய கதை ஒன்று உண்டு. பிளாசிப் போர் 1757 ஜூன் 23ஆம் நாள் நிகழ்ந்தது. 29ஆம் நாள் கிளைவ் முர்ஷிதாபாத்துக்குள் நுழைந்து மீர் ஜாபரை அரியணையில் அமர்த்தினான். பிறகு ஜகத் சேட் என்னும் பெருவணிகரின் இல்லத்தில் கணக்குப் பார்த்தனர். பேசிய தொகை முழுவதும் கருவூலத்தில் இல்லை. ஆகவே பாதியை உடனேயும், மறுபாதியை மூன்றாண்டுகளிலும் தருவதென முடிவாயிற்று. ஜூலை 6ஆம் நாளுக்குள் கும்பினியார் கைக்கு வந்த வெள்ளி நாணயம் 72,71,666 ரூபாய். 700 பெட்டிகளில் அடைத்து, 100 படகுகளில் ஏற்றி, ஆற்று வழியே கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தனர். காவலுக்குச் சிப்பாய்கள், நதியாவுக்குக் கீழே ஆங்கிலக் கப்பற்படையின் படகுகள் வேறு. பகலில், ஊரறிய, கொடி பறக்கச் சென்ற செல்வம் இது. இதைத் தேடிக் கிணற்றில் இறங்குவானேன்?

அதே உடன்படிக்கையில் இன்னொரு விதியும் இருந்தது. கல்கத்தாவுக்குத் தெற்கே குல்பி வரையுள்ள நிலம் கும்பினியின் ஜமீன் ஆயிற்று. பின்னாளில் இருபத்துநான்கு பர்கனா என்று பெயர் பெற்ற பகுதி அது. பாலிகஞ்ச் அந்நாளில் நகருக்குப் புறம்பே, அத்தென்திசையில் கிடந்த ஊர். வாடகைக்கு வீடு தேடி நாம் அலைகின்ற இம்மண்ணும் ஒருகாலத்தில் முர்ஷிதாபாத்துப் பேரத்தில் கைம்மாறிய பொருள்களுள் ஒன்றே எனலாம்.

தஞ்சையிலும் நடந்தது வேறன்று. மன்னர் சிவாஜி 1855இல் ஆண்மகவின்றி மறைந்தார். மறு ஆண்டு கும்பினியார் அரண்மனைப் பொருளைக் கைப்பற்றினர். அரசி காமாட்சி பாய் சாகேப் சென்னை நீதிமன்றத்தில் வழக்காடி வென்றார். ஆயினும் 1859இல் இலண்டன் பிரிவி கவுன்சில், இஃது அரசின் செயலாதலின் நீதிமன்றம் தலையிடுவதற்கில்லை எனத் தீர்த்தது.

கிணற்றிலிருந்து மெய்யாகவே பொன் எடுத்த இடமும் ஒன்று உண்டு. கான்பூருக்கு அருகே கங்கைக் கரையிலுள்ள பிட்டூர் அது. பூனாவை இழந்த கடைசிப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ், ஆண்டுக்கு 8 லட்சம் உதவித்தொகையோடு அங்கே வாழ்ந்து 1851இல் மறைந்தார். அத்தொகையை அவருடைய வளர்ப்பு மகன் நானா சாகேப்புக்குக் கும்பினியார் தர மறுத்தனர். 1857 கிளர்ச்சியில் தோற்றபின் அவர் தம் பொருளை அரண்மனைக் கிணற்றில் இறக்கிவிட்டு வெளியேறினார். அவ்வாண்டு டிசம்பரில் ஆங்கிலப் படையினர் அதன் நீரைத் தோல் வாளிகளால் இரவும் பகலும் இறைத்தனர். ரூபாய் அடைத்த வெடிமருந்துப் பெட்டிகளும், பொற்றட்டுகளும், பேஷ்வா யானைமேல் அமர்ந்து சென்ற வெள்ளி அம்பாரியும் மேலே வந்தன.

அவ்வேலையில் இருந்த ஸ்காட்லாந்துப் படையின் போர்வீரர் போர்ப்ஸ் மிட்செல், 1893இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் இதனை விரித்துரைக்கிறார். ஒவ்வொருவருக்கும் ஆயிரம் ரூபாய் பங்கு உண்டென்று சொல்லி அவர்களை வேலை வாங்கினராம். குளிரில் நனைந்து நீர் இறைத்தவர்களுக்கு அதில் ஒரு காசும் வந்து சேரவில்லை.