கண்ணாடியும் சந்தனக் காப்பும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே விளங்கும் வடதிருமுல்லைவாயில், சுந்தரமூர்த்தி சுவாமிகளின் தேவாரம் பெற்ற தலம். இங்கு எழுந்தருளியுள்ள மாசிலாமணி ஈசரை வள்ளலாரும் பாடிப் பரவினார்.

1823-ஆம் ஆண்டு மருதூரில் தோன்றிய அவ்வள்ளல், இளமையில் சென்னை ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் தமையனார் சபாபதியுடன் வாழ்ந்தார். அங்கே மாடி அறையில் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, விளக்கேற்றி, அதனெதிரே தியானத்தில் அமர்ந்தார். தம் முகம் தெரியவேண்டிய இடத்தில் தணிகை முருகனைக் கண்டார் என்பது அவர்தம் வரலாறு. 1872-இல் வடலூரில் கண்ட சத்திய ஞான சபையிலும் ஏழு திரைகள் நீங்கிய பின்னரே சோதி தரிசனம்.

தன் முகத்தைத் தானே நோக்குவது தற்பெருமையாகாதோ என்று ஐயுறுவார் உளர். பிறவற்றைக் காணும் கண் தன்னைக் காணாது. உயிரும் அருள் காட்டினாலன்றித் தன்னை அறியாது என்பது நம் சித்தாந்தம். ஆதலின் அழகு பார்ப்பவனுக்கு ஆணவத்தை வளர்க்கும் அதே கண்ணாடி, 'நான் யார்' என்று வினவி நிற்பவனுக்கு அவ்வாணவத்தைக் காட்டிக் கொடுக்கும்.

இத்தலத்து ஈசனே இதற்குச் சான்று. யானையின் காலைப் பிணித்த முல்லைக்கொடியைத் தொண்டைமான் வாளால் வெட்டியபோது, உள்ளிருந்த சுயம்புலிங்கம் வெட்டுண்டது என்கிறது தலவரலாறு. அப்புண் குளிர ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தையொட்டி மட்டும் அது களையப்பெறும். அன்று ஐயன் தன் வடுவை மறைப்பதில்லை.

நாமோ நம் குறைகளின்மேல் நாள்தோறும் சந்தனம் பூசுகிறோம். திருநீறு அணியக் கண்ணாடிமுன் நிற்கும் அப்பொழுதேனும், பூச்சினை நீக்கி நம்மை நாமே ஒருகணம் நோக்குவோமாக. திருச்சிற்றம்பலம்.